வருஷத்துக்குக் கீழே ஒரு மச்சம்

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் பட்டாசு ஆபீஸ் வண்டி சூலக்கரை விலக்கில் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் வெள்ளி மருந்து கலக்குகிறவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அலுமினியப் பொடி முழங்கை வரை ஏறி, கடை விளக்கில் மினுமினுக்கும். சம்பளக் கவரைப் பிரித்து, வாரப் பாக்கிக்கு அவர்கள் எண்ணிக் கொடுக்கும் காசிலும் அந்தப் பொடி அப்பியிருக்கும். மாமா ஒரு ரூபாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். "பாத்தீங்களாய்யா, ராஜா காலத்தோட போன வெள்ளி திரும்பி வந்துருச்சு." வரிசையில் நிற்கிற எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் சொல்வார். அப்போதும் சிரிப்பார்கள்.

மாமாவின் பலசரக்குக் கடை ரோட்டோரத்தில் இருந்தது. வடக்கே போனால் விருதுநகர், தெற்கே போனால் சாத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாபாரம் ஓய்ந்ததும் கடைத் திண்ணையில் மூன்று பேர் கூடுவார்கள். மாமா ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து சாக்கில் கவிழ்ப்பார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா, தன் காசுகளைத் தனித்தனியாகப் பழைய தபால் உறைகளில் போட்டு, மேலே சிவப்பு மையில் வருஷம் எழுதி வைத்திருப்பார். நகைப்பட்டறை பத்தர் தாத்தா இடுப்பிலிருந்து ஒரு பொடி டப்பாவை எடுப்பார். உள்ளே பஞ்சில் பொதிந்து நாலைந்து காசுதான் இருக்கும். ஆனால் அதைத் திறக்கும்போது மற்ற இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு அந்த மூன்றைவிட ஈர்ப்பாக இருந்தது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பலகை. கடைக்கு வந்து சேர்ந்த கள்ளக்காசை எல்லாம் மாமா அதில் நட்டநடுவே ஆணி அடித்து அறைந்து வைத்திருந்தார். ராஜா தலை ரூபாய் இருந்தது, எட்டணா இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த காசுகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. எந்தத் திருவிழாக் கூட்டத்தில், எந்தக் கல்யாண மொய்யில், மின்சாரம் போன எந்த ராத்திரியில் அது கல்லாவுக்குள் நுழைந்தது என்று மாமா வரிசையாகச் சொல்வார். கொடுத்தவர் பேரை மட்டும் சொல்ல மாட்டார்.

"ஏன் மாமா, இதை இருக்கங்குடி உண்டியல்ல போட்டுற வேண்டியதுதான?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டா மருமகனே. உண்டியல் எண்ணுற ஆபீசரு கோவிச்சுக்குவாரு."

பெரியப்பாவுக்குச் சட்டம் மனப்பாடம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 232-ஆம் பிரிவு, இந்திய நாணயத்தைக் கள்ளத்தனமாக அடித்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும் என்பார். "பத்துப் பைசாவா இருந்தாலும் ஆயுள்தானா அத்தான்?" என்று மாமா கேட்பார். "சட்டம் தொகை பாக்காது." "அதான் எவனும் பத்துப் பைசாவத் தொடுறதில்ல. அடிக்கிற செலவே பன்னெண்டு பைசா ஆகும். நஷ்டத்துல ஆயுள் தண்டனை யாரு வாங்குவா?"

சோதனை பண்ணுகிற வித்தையைச் சொல்லித் தந்தது பத்தர் தாத்தா. திண்ணை ஓரத்தில் ஒரு பழைய ஆட்டுக்கல் கவிழ்ந்து கிடக்கும். ராஜா காலத்து வெள்ளி ரூபாயைக் கட்டைவிரல் நகத்தில் ஏற்றிச் சுண்டி அதன் மேல் விழவிடுவார். கணீர் என்று எழும் சத்தம் உடனே அறுந்துபோகாது, கொஞ்ச நேரம் இழைந்துகொண்டே போய் அடங்கும். பிறகு பலகையில் அறையாமல் வைத்திருந்த ஒரு கள்ளக்காசைச் சுண்டுவார். தொப்பென்று விழும். "வெள்ளி பாடும், ஈயம் இருமும்" என்பார்.

அடுத்து விளிம்பு. நிசமான காசு அடித்தது, கள்ளக்காசு பெரும்பாலும் வார்த்தது. தங்கசாலையில் வெட்டிய வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்து ஒரே அடி. எழுத்தின் மூலை முடுக்கெல்லாம் கூர்மையாக நிற்கும். வார்க்கிறவன் நல்ல காசு ஒன்றை மண்ணில் பதித்து, அந்தக் குழியில் உருக்கி ஊற்றுகிறான். மூலை மழுங்கும், காற்று மாட்டிய இடத்தில் ஊசித்துளை விழும், இரண்டு பாதியும் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் காசு மூலத்தைவிட ஒரு நூல் சின்னதாகவும் இருக்கும். பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்து, "ராஜா மூஞ்சியப் பாக்காத. கள்ளன் அதத்தான் ராத்திரி பகலா உக்காந்து திருத்திருப்பான். அவன் பாக்காத எடத்தப் பாரு" என்பார்.

அப்படிப் பார்த்ததில்தான் 1940-ஆம் வருஷத்து ரூபாயின் சங்கதி தெரிந்தது. அதுவரை ரூபாய் ஒரு தோலா எடை, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதே சமயம் விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம் ஓட்டி அதற்குள் பூவேலை செய்துவிட்டார்கள், வார்க்கிறவனால் நகல் எடுக்க முடியாதபடி. "மாத்தக் கொறச்சது அரசாங்கம், பூட்டப் போட்டது நமக்கு" என்று பத்தர் தாத்தா சொன்னபோது மாமாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

விளிம்பு முடிந்தால் வருஷம். அதற்குக் கீழேதான் தங்கசாலையின் அடையாளம் இருக்கும். பெரியப்பா அதை மிண்ட் மார்க் என்பார், மாமாவுக்கு அது மச்சம். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதுகிற மாதிரி, காசுக்கும் ஒரு மச்சம். சின்ன வைரம் இருந்தால் பம்பாய். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. பிற்பாடு, 1988-ல் நொய்டாவில் தங்கசாலை வந்ததும் அதற்கு ஒரு புள்ளி கிடைத்தது. சென்னையிலும் ஒன்று இருந்து 1869-ல் மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெரு என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

கல்கத்தாவுக்கு மச்சம் கிடையாது என்பது ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியின் முடிவே இல்லாத ராகம். கள்ளக்காசு அடிக்கிறவனும் அவ்வளவு சின்னக் குறியைப் பதிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடுவான். அதனால் சந்தேகமான காசு எது வந்தாலும், "என்ன பத்தரய்யா, கல்கத்தாவா?" என்பார் மாமா. யாராவது ஊர் பேர் சொல்லாமல் கடன் கேட்டு வந்தாலும் கல்கத்தாதான். மொட்டைக் கடுதாசியும் கல்கத்தாதான். கொடுக்கல் வாங்கலில் கையெழுத்துப் போடாமல் நழுவுகிற சொந்தக்காரர் ஒருவருக்கு அதுவே பட்டப்பேராக ஒட்டிக்கொண்டது. கல்கத்தா மாமா என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிட, அவர் அந்தப் பட்டணத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தார் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் நம்பினார்கள்.

சிவகாசியும் தப்பாது. தேசம் முழுக்க நாள்காட்டியும் சாமி படமும் அச்சடித்து அனுப்புகிற ஊர். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கிய கதை அது. "நல்லவேள, ரெண்டு பேரும் தீப்பெட்டியோட நிறுத்திக்கிட்டாக. தங்கசாலைப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா அரசாங்கமே இங்க வந்து ஆர்டர் குடுத்திருக்கும்" என்பார் பெரியப்பா.

இந்தக் கச்சேரியைக் கேட்டு வளர்ந்த நாங்களும் சும்மா இருக்கவில்லை, சொந்தமாக ஒரு தங்கசாலை நடத்தினோம். விருதுநகரில் 1916-லேயே தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ எங்கள் பக்கத்துக் கல்யாணமெல்லாம் பார்த்த பானம். அதன் மூடியைப் பொறுக்கி, தண்டவாளத்தில் வைத்துவிட்டுக் கருவேல மரத்தடியில் பதுங்கிவிடுவோம். ரயில் போனதும் பார்த்தால் மூடியின் பல்லெல்லாம் விரிந்து, காகிதம்போல மெல்லிய தகடாகக் கிடக்கும். கையில் எடுத்தால் சுடும். வீட்டில் தெரிந்தால் முதுகுத்தோல் உரியும் என்பதால் காசுக்கு மதிப்பு இன்னும் கூடும். ஒரு தகட்டுக்கு இரண்டு கோலிக்குண்டு என்பது பரிமாற்ற விலை. ஆணியால் பின்பக்கம் நட்சத்திரம் குத்தினால்தான் செல்லும்.

கீழத்தெருப் பயல்கள் இதைக் கள்ளமாக அடிக்க ஆரம்பித்தார்கள். வேறு ஏதோ சோடா மூடியைக் கருங்கல்லால் தட்டி, நட்சத்திரமும் குத்திக் கொண்டுவந்தார்கள். நட்சத்திரம் எங்களுடையதைவிட அழகாக இருந்தது. நாங்கள் விளிம்பைப் பார்த்தோம். ரயில் நசுக்கியது சீராக விரிந்திருக்கும், கல்லால் தட்டியது நெளிந்து நெளிந்து போயிருக்கும். பிடிபட்ட மூடியை எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஆணி அடித்து அறைந்தோம். பங்குனிப் பொங்கல் வந்தபோதுதான் எங்கள் பொருளாதாரம் கவிழ்ந்தது. ஊர் முழுக்க பாட்டில் உடைபட்டு மூடி குவிந்துவிட, ஒரு கோலிக்குண்டுக்குக் கை நிறைய தகடு என்றானது. பெரியப்பாவிடம் முறையிட்டோம். "ராஜா நோட்டு அடிச்ச கத மாதிரிதான். இனி கோலிக்குண்ட மட்டும் நம்புங்க" என்றார்.

குறி என்றால் அச்சில் பதிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இன்னொரு விதமான குறியைக் காட்டியவர் சித்தி. எங்கள் பக்கத்தில் அப்போது பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை நடக்கும். மெல்லிய மரச்சீவலை மடித்து, தாளில் பசை தடவிச் சுற்றி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் தனித்தனியாகச் செய்து காயவைப்பார்கள். கூலி குரோஸ் கணக்கு, 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. தெருப் பெண்கள் எல்லாரும் ஒட்டிய பெட்டி ஒரே முற்றத்தில் குவிந்து கிடக்கும். ஏஜெண்டு வந்து, பசை விட்டுப்போன பெட்டிகளைப் பொறுக்கி எறிந்தால் யார் கணக்கில் கழிப்பது என்று சண்டை மூளும். அப்போது சித்தி ஒரு பெட்டியைக் கையில் எடுத்து மடிப்பைப் பார்ப்பார். "இது நான் ஒட்டுனதில்ல. எனக்கு எடது கைப் பழக்கம், மடிப்பு இந்தப் பக்கந்தான் விழும். இது மதினி ஒட்டுனது. அவ ஓரத்துல நகத்தால ஒரு கீறு போடுவா, பாரு." மதினி வெட்கத்தோடு ஒத்துக்கொள்வார்.

கடைக்குப் போகிற தீப்பெட்டியில் கம்பெனியின் லேபிள் இருக்கும், வரி கட்டியதற்கு அரசாங்கத்தின் பேண்ட்ரோல் சீட்டு ஒட்டியிருக்கும். ஒட்டியவரின் அடையாளம் அந்த நகக்கீறலில்தான் இருந்தது. லேபிளை நகல் அடித்த கதைகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஓடுகிற ஒரு படத்துக்குக் கொம்பை மட்டும் மாற்றி, பேரில் ஒரு எழுத்தை மாற்றி இன்னொருவர் இறக்கிவிடுவார். லேபிள் சேர்க்கிற எங்களுக்கு அசலும் வேண்டும், நகலும் வேண்டும். நகல் கிடைப்பது அரிது என்றால் அதற்கு இரண்டு அசல் கொடுத்து வாங்குவோம். மாமாவின் பலகைக் காசுகளையும் யாரோ விலைக்குக் கேட்டதாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்புறம் 1985 வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து விருதுநகரைத் தலைநகராக வைத்துக் காமராஜர் மாவட்டம் உண்டான வருஷம். சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. மீதிக் காசுக்குப் பதில் மாமா தீப்பெட்டியும் ஆரஞ்சு மிட்டாயும் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் போட்ட ரூபாய் ஒன்று கடைக்கு வந்தது. ரூபாய் ஏற்கெனவே இளைத்துப்போயிருந்தது. எட்டுக் கிராம் இருந்ததை ஆறாகக் குறைத்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தப் புது ரூபாயில் வருஷத்துக்குக் கீழே வைரமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்து.

பத்தர் தாத்தா கண்ணாடியை எடுத்தார். அச்சு சுத்தம், விளிம்பு சுத்தம், சுண்டினால் சத்தமும் சரி. "ஹைதராபாத்துக்கு எச் போட்டிருப்பான்" என்றார் மாமா. "ஹைதராபாத்துக்கு நட்சத்திரம் இருக்கும்போது எழுத்து எதுக்கு?" என்றார் பெரியப்பா. கள்ளன் இருக்கிற குறியைத்தான் திருடுவான், இல்லாத குறியைப் புதிதாக உண்டாக்க மாட்டான் என்பது பத்தர் தாத்தாவின் கட்சி. மாமாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆணியும் அடிக்க முடியாமல், கல்லாவிலும் போட முடியாமல், அந்த ரூபாயைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். விசாரணைக் கைதி என்று அதற்குப் பேர். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை எடுத்துப் பார்த்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

பெரியப்பா மதுரையில் காசு சேர்க்கிற சிநேகிதர் ஒருவருக்குப் பதினைந்து பைசா கார்டு போட்டார். பதில் வந்தது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் வெளிநாட்டில் காசு அடித்து வாங்குகிறது, எச் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரின் ஹீட்டன் தங்கசாலை. பெரியப்பா கார்டைத் திண்ணையில் நின்று சத்தமாக வாசித்தார்.

"வெள்ளக்காரன் போயி முப்பத்தெட்டு வருஷமாச்சு. இன்னும் நமக்கு ரூவா அடிச்சுக் குடுக்கானா?" என்றார் பத்தர் தாத்தா.

"குடுத்தாலும் மச்சம் வைக்காமக் குடுக்கல பாத்தீகளா" என்றார் மாமா. விசாரணைக் கைதியை விடுதலை செய்து ஆர்லிக்ஸ் பாட்டிலில் போட்டார்.

பத்தர் தாத்தா பொடி டப்பாவைத் திறந்து பெருமையோடு ஒரு சின்னச் செப்புக்காசை எடுத்தார். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. நவராத்திரியில் சமஸ்தானம் தானமாகக் கொடுத்தது. பிற்காலத்து அம்மன் காசும் அதே பர்மிங்காமில் அடித்ததுதான். "நம்ம அம்மனே சீமைக்குப் போயிட்டு வந்தவ. ரூவா போனா என்ன?"

இன்னொரு உறையில் பெரியப்பாவிடம் ஆற்காடு ரூபாய் இருந்தது. அதில் ஒரு பிறை. ஆற்காடு நவாபு நாட்டில் செல்வாக்காக ஓடிய அந்தக் காசை அவர் அனுமதியோடு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தார்கள், இங்கிலீஷ்காரர்கள் சென்னையில் அடித்தார்கள். எழுத்து முகலாய பாதுஷா பேரில், ஊர் பேர் ஆற்காடு, அடித்தவன் ஐரோப்பியன். பிறை இருந்தால் புதுச்சேரி, தாமரை இருந்தால் சென்னை. "அனுமதிச் சீட்டு இருந்தா தங்கசாலை, இல்லாட்டி 232" என்று பெரியப்பா முடித்துவிடுவார்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் பொருட்காட்சி போடுவார்கள். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் ஒருவர் துணி விரித்துப் பழங்காசு விற்றார். மூவரும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் குந்தினார்கள். பெரிய பித்தளைக் காசு, ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, வருஷம் 1616. அரிசியைக் கிட்டே வைத்தால் இழுக்குமாம்.

"கம்பெனிக்காரன் ராமரப் போட்டானாக்கும்?" என்றார் மாமா. பெரியப்பா குறுக்கே விழுந்தார். "சாமியே போடலேன்னு சொல்லாத. மெட்ராஸ்ல அடிச்ச வராகன்ல மூணு சாமி உண்டு. ஆனா நாடு பூராவுக்கும் ஒரே மாதிரி கம்பெனிக் காசு வந்தது 1835-லதான். 1616-ல ஏது கம்பெனி அரை அணா?" பத்தர் தாத்தா காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரிசிய இழுக்கும்னா எதுக்குய்யா விக்கிற? நாலு காச அரிசி மண்டி வாசல்ல வச்சுட்டு உக்காரு." விற்கிறவரே சிரித்துவிட்டார். அவரிடமிருந்து நல்ல ஓட்டைக் காலணா ஒன்றைப் பேரம் பேசி எனக்கு வாங்கித் தந்தார்கள். அரிசி இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றிய செய்திகளை இன்றும் பத்திரிகையில் படிக்கிறபோது, அந்த மூன்று பேர் பக்கத்தில் இல்லாமல் போனார்களே என்றுதான் தோன்றும்.

அதன் பிறகு வெளிநாட்டுக் குறிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1988-ல் கனடாவின் சி, 1997-ல் மெக்சிகோவின் எம், நூற்றாண்டு முடியும் சமயத்தில் ஐந்து ரூபாயில் மாஸ்கோவின் ருஷ்ய எழுத்துகள். காமராஜர் நூற்றாண்டுக்கு 2003-ல் ஐந்து ரூபாய் நாணயம் வெளிவந்தபோது விருதுநகரே அதைத் தேடி அலைந்தது. மாமா கையில் கிடைத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக வருஷத்துக்குக் கீழே பார்த்தார். "மொகத்தப் பாக்க வேண்டாமா மாமா?" என்றேன். "அவரு மொகம் எனக்குத் தெரியும். அடிச்சவன் எந்த ஊருன்னுதான் தெரியாது."

இப்போது கடையை நடத்துவது மாமா மகன், என் மச்சான். 2009-லிருந்து புழங்குகிற பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று எப்படியோ தமிழ்நாடு முழுக்கப் புரளி கிளம்பி, பஸ்ஸிலும் டீக்கடையிலும் கை நீட்டி வாங்க மறுத்தார்கள். ரூபாய்க் குறி இருந்தால்தான் நல்லது என்றார்கள், கதிர் பத்து இருக்க வேண்டும், பதினைந்து இருந்தால் கள்ளம் என்றார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அப்படியும் நம் பக்கம் தீரவில்லை. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், சந்தேகப்படுகிறவர்கள் யாரும் காசைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. அந்த மூவர் எதையும் நம்பினவர்கள் இல்லை. ஆனால் சுண்டிப் பார்க்காமல், விளிம்பு பார்க்காமல், கார்டு போட்டுக் கேட்காமல் எதையும் பலகையில் அறைந்ததும் இல்லை. இந்தப் பத்து ரூபாய் இரண்டு உலோகத்தைப் பொருத்திச் செய்தது, சுண்டினால் பழைய வெள்ளி மாதிரி பாடாது. சத்தத்தை விட்டுவிட்டு வளையமும் நடுவட்டும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். காலத்துக்குக் காலம் சோதனை மாறும், சோதிக்கிற வேலை மாறாது.

போன மாதம் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மீதிக்கு மச்சான் கொடுத்த பத்து ரூபாய் நாணயத்தை ஒருவர் தள்ளிவிட்டார்.

"இது செல்லாதாம்ல?"

"யாரு சொன்னா அண்ணாச்சி?"

"எல்லாரும் சொல்லுறாக."

"ஒரு பேரச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பேர் வரவில்லை.

"அப்ப கல்கத்தா" என்று மச்சான் காசை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.